கேட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிலம்? ஒரு தோட்டப்புற டவுனின் நடை, சைக்கிள் வரைபடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்மேற்கில், கூட்டரசு சாலை 5ஐ ஒட்டிய ஒரு தோட்டப்புற டவுனில் நடந்த வேலை இது. ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் எந்தத் தோட்டம், எந்த கேட், எந்த அலுவலகம் என்பதெல்லாம் அரை நாளில் தெரிந்துவிடும். பேச்சு முடியாத விஷயங்கள் இன்னும் சில இருக்கின்றன. தெலுக் இந்தானிலிருந்து கிள்ளான் பக்கம் அந்தச் சாலையில் போய் வந்தவர்களுக்கு இப்படி அரை டஜன் டவுன்கள் நினைவுக்கு வரும். சாலைக்கு ஒரு பக்கம் கடை வரிசை, சந்தை, கிளினிக், புதுத் தாமான் (வீடமைப்புப் பகுதி). மறுபக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை). அதற்குள்ளே லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), மாரியம்மன் கோயில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுக் களம்.

கடலோரக் களிமண் பூமி என்பதால் ஏற்ற இறக்கம் கிடையாது. லயத்துக்கும் டவுனுக்கும் தூரமும் பெரிதில்லை. சைக்கிளுக்கு இதைவிடத் தோதான நிலம் அமையாது. ஆனாலும் பத்து நிமிட வழிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள், பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். கேட்டால் "ரோடு சரியில்ல" என்பார்கள். எந்த இடத்தில் சரியில்லை என்று கேட்டால் ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டுவார்கள். அந்த 'எந்த இடம்' என்பதைத்தான் வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தோம்.

மோட்டாருக்கு மாறியதால் ஆபத்து குறைந்துவிட்டதா என்றால் இல்லை. 2019இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,167 பேர். அதில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். சைக்கிள் ஆபத்து, மோட்டார் பத்திரம் என்ற எண்ணம் எப்படியோ பெற்றோர் மனதில் ஏறிவிட்டது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களோடு இரவில் சாலையில் இருந்த எட்டுப் பதின்ம வயதுப் பையன்கள் கார் மோதி இறந்த செய்தி இங்கும் பல வீடுகளில் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைக்கச் செய்தது.

பள்ளி இடம் மாறியது இன்னொரு காரணம். தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் பிள்ளைகள் இருந்த இடத்தில் பள்ளி இருந்தது. பிறகு தோட்டத்து நிலத்தின் ஒரு பகுதி கைமாறி, தாமான் எழும்பி, தமிழ்ப்பள்ளி சாலைக்கு மறுபுறம் நல்ல கட்டடத்துக்குப் போனது. கட்டடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லயத்தில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் இப்போது லோரி ஓடும் கூட்டரசு சாலையைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். கோயில் மட்டும் இடம் மாறவில்லை. தாமானுக்குக் குடிபோன குடும்பங்கள் வெள்ளிக்கிழமைதோறும் எதிர்த்திசையில் வருகின்றன.

மேலிருந்து பார்த்தால் பச்சை

வேலையை ஆரம்பித்தவர்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர். நிலவரைபடம் சார்ந்த வேலையில் இருப்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தோம். யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து திருத்தலாம், காசு கிடையாது, இடப்பெயரைத் தமிழிலும் ஏற்றலாம். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஒரு வழியில் போக யாருக்கு அனுமதி என்று குறிக்க அதில் தனி இடம் இருக்கிறது. அந்த இடத்தில் 'பெர்மிஸிவ்' என்று போட்டால், உரிமையாளர் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறார், நாளைக்கே மூடலாம் என்று அர்த்தம். தோட்டத்து வழிகளின் நிலைமையை இவ்வளவு சரியாகச் சொல்லும் அரசாங்கப் படிவம் எதையும் நான் பார்த்ததில்லை.

துணைக்கோள் படத்தை வைத்து வீட்டில் உட்கார்ந்தபடியே கோடு இழுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். செம்பனையில் அது நடக்காது. 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள், ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரம். சில வருஷத்தில் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். படத்தில் தெரிவதெல்லாம் பச்சை நட்சத்திரங்கள்தான். முன்பே யாரோ தூரத்திலிருந்து வரைந்து வைத்த கோடுகளும் இருந்தன. அவற்றில் பாதி, குலை வெட்டுகிறவர் தள்ளுவண்டியோடு நுழையும் வரிசைகள். சைக்கிளில் போனால் வெட்டிப்போட்ட மட்டை முள்ளில் டயர் போகும். ஊரே நடக்கும் கோயில் வழி மட்டும் படத்தில் இல்லை.

கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வானத்துக்குக் கீழே ஐந்து மீட்டர் வாக்கில் சரியாகக் காட்டும். மட்டைக் கூரைக்குக் கீழே புள்ளி அடுத்த வரிசைக்குத் தாவுகிறது. அதற்கு வேறு வழி பார்த்தோம். சாலையோரத்தில் மின்கம்ப எண்ணையும், தோட்டத்துக்குள் பிளாக் பலகையையும் படம் பிடித்து அடையாளமாக வைத்துக்கொண்டோம். பிளாக் எண், நடவு ஆண்டு, பரப்பளவு எல்லாம் எழுதிய அந்தப் பலகைகள் வேறு யாருக்கும் தேவைப்படாது. எங்களுக்கு அவைதான் முச்சந்தி. மின்கம்ப எண் பின்னால் இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. எரியாத தெருவிளக்கைப் பற்றிப் புகார் கொடுத்தால் முதலில் கேட்பது கம்ப எண்ணைத்தான்.

கூட்டத்துக்கு வராதவர்கள்

முதல் கூட்டம் கோயில் மண்டபத்தில். வந்தவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கட்சிக் கிளைக்காரர்கள், கோயில் நிர்வாகத்தினர். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் மோட்டாரிலோ காரிலோ வந்தவர்கள். தாமான் நுழைவாயிலில் வளைவு கட்டுவது பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். இந்த ஊரில் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் யார் என்று விடியற்காலையில் சாலையோரம் நின்று பார்த்தாலே தெரியும்: வங்காளதேசத் தொழிலாளர்கள், இந்தோனேசியர்கள், சந்தைக்குப் போகும் சில சீனத் தாத்தாக்கள், நம் பெரியவர்கள். மண்டபத்தில் இவர்களில் ஒருவரும் இல்லை.

அப்புறம் வரைபடத்தையே அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனோம். பெரிய தாளில் அச்சடித்து மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, வேன்கள் காத்திருக்கும் பள்ளி வாசல் என்று வைத்தோம். சம்பளம் போட்ட வாரத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வைத்ததுதான் அதிகம் பலன் கொடுத்தது. வேலைச் சட்டப்படி சம்பள மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பதால் எந்த வாரம் கூட்டம் சேரும் என்று முன்கூட்டியே தெரியும். ஃபீல்ட் பேப்பர்ஸ் என்ற இலவசக் கருவியில் அச்சடித்தால் தாளின் மூலையில் ஒரு கட்டக்குறி வரும். கையால் கோடு போட்ட தாளைப் படம் பிடித்து ஏற்றினால், அந்தக் குறியை வைத்து நிலத்தில் சரியான இடத்தில் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். கைப்பேசியில் படிவம் நிரப்பச் சொன்னபோது நழுவியவர்கள் பேனாவைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள்.

லயத்துப் பாட்டி ஒருவர் தாளை வாங்கியதும் தலைகீழாகத் திருப்பினார். அவர் வாசலில் நின்றால் டவுன் எதிரே இருக்கும். அவருக்கு டவுன்தான் மேலே. தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆயாக்கொட்டகை எங்க போட்டிருக்க தம்பி? அது இல்லாம நான் எப்படி வழி சொல்றது?" என்றார். பெற்றோர் வேலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையை இடித்து வெகு காலமாகிவிட்டது. இப்போது அங்கே உரக் கிடங்கு. இப்போது இல்லாத கட்டடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைய விதி இடம் கொடுக்காது. அதனால் அந்த வரைபடத்தின் மேல் சொந்தக் குறிப்புகளைப் போட உதவும் யூமேப் தளத்தில் தனி அடுக்கு ஒன்று திறந்து பழைய அடையாளங்களை அதில் போட்டோம். அதன் பிறகு பெரியவர்கள் சொன்ன வழிகள் கடகடவென்று வந்தன. சும்மா ஆசைக்காகச் செய்தது என்று யாராவது நினைத்தால், அந்த அடுக்கு இல்லாத தாளில் வந்த கோடுகளைக் காட்டத் தயார்.

நாங்கள் தயாரித்த படிவத்தில் அகலம், தரை, விளக்கு, நிழல் எல்லாம் இருந்தன. ஊர்க்காரர்கள் சொன்னதில் முதலில் வந்தது நாய். சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்தில் மிச்சத்தைக் கொட்டும் இடத்தைச் சுற்றி ஒரு கூட்டம், தாமானில் பாதி கட்டி நின்ற வீடுகளில் இன்னொன்று. நடந்து போகிறவரை விட்டுவிடும், சைக்கிளைத் துரத்தும். பெண் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தியதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். எந்தப் போக்குவரத்துக் கையேட்டைத் திறந்தாலும் இதற்கு ஒரு கட்டம் இருக்காது.

அடுத்தது இருட்டு. தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அன்றிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் வெளிச்சம் எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகள் ஆறரைக்கெல்லாம் கிளம்புகிறார்கள், பெரட்டுக்குப் போகிறவர்கள் அதற்கும் முன்னால். பகலில் போய் எடுத்த எங்கள் படங்களில் எல்லா வழியும் நன்றாகவே தெரிந்தது. அதே வழிகளில் விடியுமுன் போய் மறுபடி எடுத்த பிறகுதான் வரைபடத்தின் நிறம் மாறியது. திரும்பி வருவது மதிய வெயிலில். அங்கே நிழல் கேள்வி.

ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி, ஆட்கள் அதிகம் போகும் வழிகளைக் காட்ட வெளியிடும் வெப்பவரைபடத்தைப் பார்த்தால் போதாதா என்று ஒரு பொறியாளர் நண்பர் கேட்டார். பார்த்தோம். கூட்டரசு சாலை மட்டும் பளிச்சென்று இருந்தது. ஞாயிறு காலையில் கார்பன் சைக்கிளில் வெளியூரிலிருந்து வரும் குழுக்கள் விட்ட தடம் அது. தினமும் மிதிப்பவர்கள் ஒருவரும் அதில் இல்லை. அதே வெப்பவரைபடம்தான் 2018 ஜனவரியில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகளைக் காட்டிக்கொடுத்துப் பெரிய செய்தியானது. எங்களுக்கும் அது ஒரு எச்சரிக்கை. விடியற்காலையில் தனியாக நடக்கும் பெண்கள் எந்த நேரத்தில் எந்த வழியில் போகிறார்கள் என்பதைப் பொதுவில் போட முடியாது. தொழிலாளர்களின் தங்குமிடத்தையும் அப்படித்தான். வழியின் கோடு மட்டும் பொது வரைபடத்துக்குப் போனது. யார், எப்போது என்பதெல்லாம் தனியாக, பூட்டிய கோப்பில்.

கேட்

எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டபோது, வழி பெரும்பாலும் நன்றாகவே இருந்தது தெரிந்தது. அங்கங்கே சில அடி, சில மீட்டர் அறுந்துபோயிருந்தது. அதில் பெரியது கேட்.

லயத்திலிருந்து டவுனுக்கு நேர்வழி தோட்டத்தின் எல்லை கேட்டைத் தாண்டித்தான். குலைத் திருட்டு அதிகமானதும் நிர்வாகம் கேட்டைப் பூட்டி, ஓரத்தில் ஆள் நுழையும் இடத்தில் எக்ஸ்கவேட்டரை விட்டுப் பள்ளம் தோண்டியது. பள்ளத்தைத் தாண்ட யாரோ பலகை போட, நிர்வாகம் எடுக்க, மறுபடி யாரோ போட, இப்படியே போய்க்கொண்டிருந்தது. சைக்கிள்காரர்கள் மெயின் ரோடு வழியாகச் சுற்றினார்கள். சுற்றும் தூரத்தைவிட மோசம், அந்தத் துண்டில் லோரிகள் ஓடும் வேகம்.

மேனேஜரிடம் போனோம். கோயில் தலைவரை முன்னால் விட்டு, வரைபடத்தைப் பின்னால் எடுத்துக்கொண்டு. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் வரும், பக்கவாட்டில் கூடை கட்டிய ஒரு மோட்டார் இரவில் சில நடை போனாலே நல்ல காசு, காவலுக்கு ஆள் போதவில்லை. "வழியத் தெறந்து விட்டா திருட்டுக்கு நான் பதில் சொல்லணும், நீங்க சொல்ல மாட்டீங்க" என்றார். கோயில் தலைவர் அவருக்குப் பதில் சொல்லாமல், "சார், மொதல்ல இதப் பாருங்க" என்று தாளை விரித்தார். அதில் நேரம் போட்டிருந்தோம்: ஆட்கள் போவது விடியலிலும் மாலையிலும், கோயிலுக்கு வெள்ளி சாயங்காலம். திருட்டு நடப்பது நடுச்சாமத்தில். பேச்சு அங்கிருந்துதான் நகர்ந்தது.

கடைசியில் ஒத்துக்கொண்டது: கேட்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயால் வளைந்து நுழையும் தடுப்பு. சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். கூடை கட்டிய மோட்டார் நுழையாத அகலம். இரவில் சங்கிலி. செலவு நிர்வாகத்துடையது, பள்ளத்தை மூடியதும் அவர்கள்தான். இதை முழு வெற்றி என்று நான் எழுத மாட்டேன். மூன்று சக்கர சைக்கிளில் கீரை விற்கும் பெரியவரால் அந்த வளைவில் திரும்ப முடியாது, சக்கர நாற்காலியும் போகாது. அவர்களுக்கு இன்னும் மெயின் ரோடுதான். வரைபடத்தில் அந்த இடத்தில் 'பெர்மிஸிவ்' என்றே போட்டிருக்கிறோம். மேனேஜர் மாறினால் பேச்சை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

யார் ரோடு?

மற்ற அறுந்த இடங்களுக்குப் போனபோது, ஒவ்வோர் இடமும் யார் பொறுப்பில் இருக்கிறது என்று குறிக்க 'யார் நிலம்' என்ற பத்தியை வரைபடத்தில் சேர்த்தோம். இந்த வேலையில் எதையாவது வேறு ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அந்தப் பத்தியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அறுபது அடி தூரத்துக்குள் தோட்ட நிறுவனம், மாவட்ட மன்றம், பொதுப்பணி இலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா என்று நான்கு பேர் இருப்பார்கள். ஒருவருக்கு எழுத வேண்டிய புகாரை இன்னொருவருக்கு எழுதினால் அவர் அதைக் கிணற்றில் போடத்தான் முடியும்.

தோட்டத்துச் சாலைக்கு அரசாங்கம் ஏன் தார் போடுவதில்லை என்று தலைமுறையாகக் கேட்கிறோம். பதில் பண வழியில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவின்படி மாநிலங்களுக்குச் சாலை மானியம் வருகிறது. அந்தக் கணக்கில் சேர சாலை 'மாரிஸ்' என்ற பதிவேட்டில் இருக்க வேண்டும். தனியார் தோட்டத்துச் சாலை அதில் ஏறாது. தாமானிலும் இதே கதையின் இன்னொரு வடிவம். மேம்பாட்டாளர் சாலையை மாவட்ட மன்றத்திடம் ஒப்படைக்காத வரை குழியை மன்றம் தொடாது. எங்கள் வரைபடத்தில் தாமானின் ஒரு மூலை அப்படித்தான் சாம்பல் நிறத்தில் நிற்கிறது.

லோங்காங் (சாக்கடை) மேல் கிடந்த உளுத்த பலகை மாவட்ட மன்ற எல்லைக்குள் வந்தது. படம், இடம், எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்ற பள்ளியின் கடிதம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தோம். கைப்பிடியோடு சிமெண்டுப் பாலம் வந்தது. 1965க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடக்காத நாடு இது. மன்ற உறுப்பினர் நியமனத்தில் வருகிறவர். ஓட்டைக் காட்டி அவரிடம் பேச முடியாத இடத்தில் கோப்பு தடிமனாக இருப்பது உதவுகிறது.

மெயின் ரோட்டுக்குத்தான் பெரிய யோசனைகள் வந்தன: தனி சைக்கிள் பாதை, மேம்பாலம். கோலாலம்பூரில் 2018இல் நீல வண்ணம் பூசிய சைக்கிள் பாதைகளில் கார்களை நிறுத்தி வைத்த படங்கள் எல்லார் கைப்பேசிக்கும் வந்தவைதான். வண்ணத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. எங்கள் படங்களை வரிசையாகப் பார்த்தபோது சின்ன விஷயம் ஒன்று தெரிந்தது. ரோட்டோரத் தோள்பட்டை அகலமாகவே இருக்கிறது, ஆனால் லாலாங் புல் மூடிக் கிடக்கிறது. அதனால் ஆட்கள் தார் மேல் நடக்கிறார்கள். 'மாமரத்துக்குப் பக்கத்தில்' என்று முன்பு கொடுத்த புகார்கள் எங்கே போயினவோ. கிலோமீட்டர் கல்லின் எண்ணைப் போட்டு, பொதுப்பணி இலாகாவின் புகார் தளத்தில் படத்தோடு கொடுத்ததும் புல் வெட்டினார்கள். இப்போது புல் வளர்ந்தால் படம் எடுத்து அனுப்புவது பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் வேலை. சலிக்காமல் செய்கிறார்கள், ஆசிரியைக்குத்தான் அனுப்பிச் சலித்துவிட்டது.

பாதசாரிக் கடவை இன்னும் வரவில்லை. பள்ளி வட்டாரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற பலகை இருக்கிறது, லோரிகள் அதைப் படிப்பதில்லை. கடவைக்கு ஆள் எண்ணிக்கை கேட்கிறார்கள். கடக்கப் பயந்து வேனில் போகிற பிள்ளையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் எங்களுக்கும் இலாகாப் பொறியாளருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தாளில் பெற்றோர்கள் வரைந்து தந்த 'விட்டால் நடக்கக்கூடிய' வழிகளைத் தனியே தொகுத்து இணைத்திருக்கிறோம். அதுவரை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் இருவர் காலையில் கொடியோடு நிற்கிறார்கள். நாய்களுக்குச் செய்தது ஒன்றுதான்: கடைக்காரர்களிடம் பேசி மிச்சம் கொட்டும் இடத்தை வழியைவிட்டுத் தள்ளி வைத்தது. கடைப் பக்கக் கூட்டம் குறைந்தது, தாமான் கூட்டம் அப்படியே இருக்கிறது.

பிரச்சினைகள் புதிதாகவும் வருகின்றன. செம்பனையை இருபத்தைந்து வருஷ வாக்கில் வெட்டி மறுநடவு செய்வார்கள். தெற்கே ஒரு பிளாக்கில் அது தொடங்கியதும் நாங்கள் வரைந்த வழி ஒன்று மண்ணோடு போய்விட்டது, புது வழி எங்கே விழும் என்று மரம் நட்டு முடித்த பிறகுதான் தெரியும். முதலில் வரைந்த இளைஞர்களில் பலர் வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். தூரத்திலிருந்து திருத்துகிறார்கள், ஆனால் பிளாக் பலகையைப் படம் பிடிக்க ஆள் இங்கே இருக்க வேண்டும். மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவு அடுத்த முறை பொதுப் பார்வைக்கு வரும்போது எழுத்தில் கருத்துச் சொல்லலாம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கோயில் வழியையும் வாய்க்கால் கரையையும் அதில் நடைவழியாகக் காட்டச் சொல்லி மனு தயாராக இருக்கிறது.

வாய்க்கால் கரைதான் இந்த ஊரின் மிக நல்ல சைக்கிள் வழி. மதகிலிருந்து டவுன் எல்லை வரை நேராக, லோரி இல்லாமல். நடுவில் ஓரிடத்தில் கரை சரிந்து ஒரு சைக்கிள் நீளத்துக்கு வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அந்தத் துண்டு யாருடையது என்று இரண்டு அலுவலகங்களுக்கு எழுதினோம். இரண்டும் பதில் போட்டன, ஒவ்வொன்றும் மற்றதைக் காட்டி. இரண்டு கடிதங்களையும் ஸ்கேன் செய்து, 'யார் நிலம்' பத்தியில் அந்தப் புள்ளியோடு இணைத்து, மனுவின் முதல் பின்னிணைப்பாக வைத்திருக்கிறோம்.